பிடியில் காய்ந்த சந்தனம்

கைய விடுங்க வக்கீலண்ணாச்சி. உள்ள போவாதன்னு சொல்ல நீங்க யாரு? பொதுக்குழு கூட்டம்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கு. நானும் இந்த ரைபிள் கிளப்புல சந்தா கட்டுன மெம்பருதான். மாணவர் மெம்பர்னா செருப்புக்குக் காவல் நிக்கணும்னு எங்கயும் சட்டம் இல்லியே. நீங்கதான சட்டம் படிச்சவிய, காட்டுங்க பாப்போம்.

என்னது? என் அரம் போட்ட வேலையாலதான் வந்துதா? திரும்பச் சொல்லுங்க, நல்லாக் கேக்கட்டும். பிடியில நான் போட்ட கட்டம் கூர்மையா இருந்து என் சேக்காளி இசக்கி கைய அறுத்துட்டு, அதனாலதான் துப்பாக்கி கைய விட்டு நழுவுச்சுன்னு உங்க விசாரணைக் கமிட்டியில ஒருத்தர் பேசுனாராமே. யாரு அந்த அறிவாளி? அவர் வாழ்க்கையில ஒரு தடவ அரம் பிடிச்சிருப்பாரா? நகம் வெட்டக்கூட வீட்டம்மாவக் கூப்பிடுத ஆளு மாதிரி இருக்கு.

நான் சொல்லுதேன், கேளுங்க. கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் கெடக்கு. செயலாளர் இன்னும் காருல இருந்தே எறங்கல. கேட்டுட்டுப் பொறவு சொல்லுங்க, நான் உள்ள போவலாமா கூடாதான்னு.

நீங்க அந்தப் பிஸ்டலக் கையில எடுத்துப் பாத்திருக்கியளா? பாத்திருக்க மாட்டிய. கிளப்போட பழைய தலைவர் ஒருத்தரு ஆசப்பட்டு, தனியாச் சொல்லிச் செஞ்சு வாங்குனது. ரெண்டு பக்கமும் மரம். அது செரி. ஆனா மூணு வெரலு சுத்திப் பிடிக்குமே, பிடியோட முன்பக்கம், அது வெறும் இரும்பு. கண்ணாடி மாதிரிப் பாலிஷ். அதுல மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கிடலாம். அந்த மனுசன் அதக் கண்ணாடிப் பெட்டியில வச்சு வாரவன் போறவனுக்குக் காட்டத்தான் வாங்கியிருப்பாரு. நம்ம பாளையங்கோட்டை வெயில்ல நின்னு சுட இல்ல.

இசக்கிக்குக் கை வேர்க்கும். சும்மா இல்ல, சொட்டும். பரீட்ச எழுதும்போது பேப்பருக்கு மேல கைக்குட்டைய விரிச்சுட்டுத்தான் எழுதுவா. கிளப்புல அவளுக்குன்னு குடுத்தது இந்தத் துப்பாக்கி. 'மீனப் பிடிச்ச மாதிரி இருக்கு கோமு'ன்னு எங்கிட்ட வந்து அழுதா. மாநிலப் போட்டி வருது, நல்லாச் சுடுதா, ஒவ்வொரு குண்டுக்கும் கை பிடியில நகந்துருது. பின்ன எங்க போயி மெடல் வாங்க?

நான் பாலிடெக்னிக்குல டூல் அண்ட் டை படிக்கேன். கை வழுக்காம இருக்க இரும்புல கட்டம் போட எனக்குத் தெரியும். செயலாளர் சிதம்பரநாதன் சார்கிட்ட நேராப் போயிக் கேட்டேன். நாலு பேரு முன்னாலதான் சொன்னாவ, 'செய் பிள்ள, வெளிய குடுத்தா ஆயிரத்தெட்டு கேள்வி கேப்பான்'னு. இப்பக் கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லுதாவளாம். அவியளுக்கு அவிய பேரு ஞாபகம் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க.

துப்பாக்கிய வெளிய கொண்டுபோவப்படாது. கிளப்புலயே ஆயுத ரூமுக்கு முன்னால மேசை போட்டு, ரேஞ்சு ஆபீசர் தளவாய் சார் கண்ணு முன்னாலதான் வேல செய்யணும். அது சட்டம், நானும் மீறல. அவிய பக்கத்துல பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிடுவாவ. மிலிட்டரியில இருந்தவியன்னுதான் பேரு, கையில எப்பவும் மிக்சர் பொட்டலம். கறுக்கு கறுக்குன்னு கடிச்சுக்கிட்டே, வேல எம்புட்டு ஆயிருக்குன்னு எண்ணெக் கையோட வந்து தடவிப் பாப்பாவ. 'இன்னொரு தடவ அந்தக் கைய வச்சிய, அரத்த வெரல்லயே வச்சுத் தேச்சிருவேன் சார்'ன்னேன். சிரிச்சாவ. 'பார்டர்ல போவாத வெரலு, உன் கையாலயா பிள்ள போவப்போவுது'ன்னாவ.

அப்படித்தான் சொன்னாவ. செரி, அத விடுங்க.

வேலையச் சொல்லுதேன். மொதல்ல இரும்புல கோடு தெரியுததுக்கு நீலச் சாயம் பூசி அதுல கோடு போட்டுக்கிடணும். பொறவு பல்லுவச்ச அரத்த வச்சு நெடுக ஒரு தடவ. அது முடிஞ்சு குறுக்க ஒரு தடவ. ரெண்டு கோடும் வெட்டிக்கிடுத எடத்துல குட்டிக் குட்டியா வைரம் மாதிரி நிக்கும். மரம்னா கொஞ்சம் வெலகுனாலும் மறைச்சிரலாம். பாலிஷ் போட்ட இரும்புல ஒரு கோடு கோணலாப் போச்சுன்னா ஊருக்கே தெரியும். எனக்கு ஒண்ணுகூட வெலகல. கடைசியா ஒவ்வொரு முனையையும் லேசா மழுக்கி விட்டேன், கைய அறுக்கக் கூடாதுன்னு. துப்பட்டா நுனிய அது மேல போட்டு இழுத்துக் காட்டுனேன் தளவாய் சாருக்கு. ஒரு நூலு மாட்டல. ஒரு நூலு. இப்பச் சொல்லுங்க, எந்தக் கூரு எந்தக் கைய அறுத்துச்சு?

இசக்கி வந்து பிடிச்சுப் பாத்தா. வெரல விரிச்சா. மறுபடியும் பிடிச்சா. கண்ணு நெறஞ்சிட்டு. தளவாய் சாரும் வாங்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, 'இது இனி கைய விடாது பிள்ள'ன்னாவ.

கைய விடாதாம்.

இப்ப என்ன ஆவுது தெரியுமா அண்ணாச்சி. எங்க பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்ல, பட்டப்பகல்ல, நான் அரத்த எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தேன்னா பின்னால மிக்சர் கடிக்கிற சத்தம் கேக்கு. திரும்புனா யாரும் இல்ல. அரத்தக் கீழ வச்சா நின்னுருது. எடுத்தா வருது. பயலுவதான் வெளாட்டுக் காட்டுதானுவன்னு நெனச்சு நாலு பேர வாயில வந்தபடி வஞ்சுட்டேன். அதுல ஒருத்தன் பாவம், காது கேக்காத பய, அவனுக்கு என்ன சத்தம் போடத் தெரியும். பொறவு லீவு அன்னைக்குத் தனியாப் போயி, கதவப் பூட்டிட்டு, ஸ்டூலையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டு இழுத்துப் பாத்தேன். கறுக்குன்னு ஒரு கடி. நிதானமா. பொறவு இன்னொண்ணு. நான் இழுத்து முடிக்குத வரைக்கும் காத்திருந்து கடிக்குத மாதிரி.

பயம்லாம் இல்ல. நான் எதுக்குப் பயப்படணும்? நான் என்ன செஞ்சேன்? கோவம்தான் வருது. யாரு செஞ்சாவளோ அவிய வீட்டுல போயிக் கடிக்கட்டுமே. சிதம்பரநாதன் சார் வீட்டுல பெரிய ஹால் இருக்கு, ஏசி இருக்கு, சோபா இருக்கு. எங்கிட்ட எதுக்கு?

ஆயுத பூஜைக்கு வாரேன், இருங்க. அங்கதான் எல்லாம்.

கிளப்புல வழக்கம் என்ன? துப்பாக்கி எல்லாத்தையும் குண்டு எடுத்துட்டு, செவப்புத் துணி விரிச்ச மேசையில அடுக்குவாவ. பொட்டு வைக்கிறது பெட்டிக்குத்தான். துப்பாக்கி மேல வைக்கத் தளவாய் சார் விட மாட்டாவ. இந்த வருசமும் பெட்டிக்குத்தான் வச்சாவ. பொரி, கடலை, சுண்டல், எல்லாம் நடந்துது. இசக்கி அன்னைக்கு இல்ல. அவ அம்மாகூடத் திருச்செந்தூர் போயிட்டா. இத நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, அவ ஊர்லயே இல்ல.

அன்னைக்கு வந்தவிய எல்லாம் மேசையச் சுத்திப் பாக்காவ. பெரிய பெரிய ரைபிளப் பாக்காவ, போட்டோ எடுக்காவ. என் வேலைய ஒருத்தர் திரும்பிப் பாக்கல. தப்பு அவிய மேலயும் இல்ல. வெள்ள இரும்புல வெள்ளக் கட்டம், ரெண்டடி தள்ளி நின்னா ஒண்ணும் தெரியாது. சந்தனக் கிண்ணம் அங்ஙனதான் இருந்துச்சு. வெரல்ல தொட்டு ஒரு இழுப்பு இழுத்து விட்டேன். கட்டத்துக்குள்ள நல்லா எறங்கட்டும்னு கட்டை வெரலால அமுக்கி, மேல நின்னத மட்டும் வழிச்சு விட்டேன். பாக்கணுமே. ஒவ்வொரு கோடும் மஞ்சளா எந்திரிச்சு நின்னுட்டு. தங்கத்துல எழச்ச மாதிரி. அதுக்குப் பொறவுதான் ஆளாளுக்கு, 'யாரு போட்டது, யாரு போட்டது'ன்னு கேக்க ஆரம்பிச்சாவ. சிதம்பரநாதன் சாரே, 'நம்ம பிள்ளதான்'னு என் தோள்ல தட்டுனாவ. போட்டோ இருக்கு.

நீங்களும் பாத்தியளா? பொறவு என்ன. அந்த மஞ்சக் கோடு எம்புட்டு நேரா இருக்கு பாத்தியள்லா? அதுலயே தெரியலியா என் வேலையில ஒரு குத்தமும் இல்லன்னு.

இல்ல அண்ணாச்சி, அது பூசுறது இல்ல. எடுத்துக் காட்டுறது. எங்க ஒர்க்‌ஷாப்ல சாக்பீஸ் தூளத் தேச்சுக் கோட்டப் பாக்க மாட்டோமா, அது மாதிரி. பூசுறது வேற, எடுத்துக் காட்டுறது வேற. நீங்க கோர்ட்டுல பேசுத மாதிரி எங்கிட்ட வார்த்தையத் திருப்பாதிய.

எல்லாரும் போன பொறவு சாயங்காலம் தளவாய் சார் மஞ்சத் துணி ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்தாவ. 'பிள்ள, தொடச்சுப் பெட்டியில வச்சிருவோம், காஞ்சா எடுக்க முடியாது'ன்னாவ. நான்தான், 'நாளைக்கு எங்க ஹெச்.ஓ.டி. வாராவ சார், ஒரு கண்ணு பாத்துரட்டும், அவிய பாத்ததும் நானே தொடச்சுத் தாரேன்'னேன். 'செரி, உன் ஆசைய எதுக்குக் கெடுக்க'ன்னு துணிய மடிச்சுப் பையில வச்சிட்டாவ. இதுல யாருக்கு என்ன நட்டம்? காலையில தொடச்சிருந்தா முடிஞ்சு போச்சு. முடிஞ்சு போச்சா இல்லியா?

தொடைக்க விட்டாத்தான.

மறுநாள் விஜயதசமி. கிளப்புல மொதக் குண்டு சுடுத நாளு. எங்க ஹெச்.ஓ.டி. வரவே இல்ல, அது வேற. இசக்கி திருச்செந்தூர் பஸ்ஸுல எறங்கி நேரா ஓடி வந்தா, பை கூட வைக்கல. தளவாய் சார் பிஸ்டல எடுத்தாவ, பையில இருந்து அந்தத் துணியையும் எடுத்தாவ. அப்பத்தான் சிதம்பரநாதன் சார் கையக் காட்டித் தடுத்தாவ. 'பூஜை பண்ணுனத ஒரு குண்டாவது சுடாமத் தொடைக்கப்படாது, அபசகுனம்'னாவ. என் காதால கேட்டேன். 'எங்க மில்லுல எல்லா மிசினையும் பொட்டோடதான் ஓட்டுவோம்'னாவ. மில்லு மிசினுக்குக் கை வேர்க்குமா அண்ணாச்சி? மிசினு எவன் கையில இருந்தாவது வழுக்கி விழுமா? படிச்ச மனுசன் பேசுத பேச்சா அது? தளவாய் சார் ஒரு நிமிசம் அவியளப் பாத்தாவ, பொறவு எங்கிட்டத் திரும்புனாவ. நான் என்ன செய்ய? செயலாளர் சொல்லியாச்சு. துணி மறுபடி பைக்குள்ள போயிட்டு.

இசக்கி பிடியப் பாக்கக்கூட இல்ல. பாத்து என்ன, அவதான் அந்தக் கட்டத்தக் கண்ண மூடிக்கிட்டு நம்புனாளே. மொதக் குண்டு நல்லாப் போச்சு. எல்லாரும் கை தட்டுனாவ. பஸ்ஸுல வந்த வேர்வ, ஓடி வந்த வேர்வ, நாப்பது பேரு பாக்காவளேங்குத வேர்வ. காஞ்ச சந்தனம் வேர்வையில ஊறுனா என்ன ஆவும்னு உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க. கொழகொழன்னு ஆயிரும். கட்டம் பூரா தூந்து கெடக்கு, வழுவழுன்னு, பழைய பாலிஷவிட மோசமா. அடுத்த குண்டு உள்ள ஏறி நிக்கு. கைய எறக்குதா. நழுவிட்டு.

விழுற துப்பாக்கியப் பிடிக்கப்படாது. அதான் மொதப் பாடம். விட்டிருந்தா தரையில விழுந்திருக்கும், ஒரு கீறல், அம்புட்டுத்தான். ஆனா கிளப்பு துப்பாக்கி, செயலாளர் பக்கத்துல நிக்காவ, பூஜை போட்ட பொருளு. கீழ போட்டா என்ன சொல்லுவாவளோன்னு அவ கை தானாப் போச்சு. அள்ளிப் பிடிச்சா. வெரலு ட்ரிகர்ல விழுந்துட்டு. குண்டு தரையில இருந்த இரும்புச் சட்டத்துல பட்டுத் தெறிச்சு வந்து தளவாய் சார் தொடையில ஏறிட்டு. கூட்டம் முன்னால வந்துரக் கூடாதுன்னு மறிச்சுக்கிட்டு நின்னாவ அவிய.

விழல. ஸ்டூல்ல உக்காருத மாதிரி மெதுவா உக்காந்தாவ. 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அந்தப் பிள்ளையப் பாருங்க'ன்னாவ. நான்தான் அவிய பையில இருந்து அந்த மஞ்சத் துணிய எடுத்து அமுக்குனேன். ரெண்டு கையாலயும் அமுக்குனேன். நிக்கல. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போவுத வழியிலயே முடிஞ்சு போச்சு.

என்ன, என் கையவே பாக்குதிய? தோலு உரிஞ்சிருக்கா? வேல செய்யுத கையின்னா அப்படித்தான் இருக்கும். மண்ணெண்ணெ போட்டுத் தேச்சேன், அதுல கொஞ்சம் வெந்துட்டு. ரத்தம்லாம் அன்னைக்கே போயிட்டு. இது சந்தன வாசம். கட்டை வெரல்ல நிக்குது. சோறு தின்னா வருது, மூக்கச் சொறிஞ்சா வருது. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்காரிகிட்ட மோந்து பாக்கச் சொன்னேன், ஒண்ணும் வரலங்கா. அவளுக்குச் சளி. இன்னைக்கு பஸ்ஸுல முன் சீட்டுல ஒரு அண்ணாச்சி நெத்தி நெறய சந்தனம் வச்சுக்கிட்டு உக்காந்தாரு. எறங்கி அடுத்த பஸ்ஸுல வந்தேன். அதான் லேட்டு.

இப்ப அசல் விசயத்துக்கு வாரேன். இசக்கி உங்க கமிட்டியில என்ன சொல்லியிருக்கா? 'சந்தனம் நான்தான் பூசுனேன், பாக்காம எடுத்ததும் நான்தான், வேற யாரு மேலயும் தப்பு இல்ல.' அப்படித்தான? நீங்க அத அப்படியே வாசிக்கப் போறிய. ஆயுளுக்கும் துப்பாக்கி தொடக் கூடாதும்பிய. போலீசும் அதையே பிடிச்சுக்கிடும். தளவாய் சார் வீட்டம்மா உள்ள மொத வரிசையில உக்காந்திருக்காவ, எட்டிப் பாத்தேன். அவிய இன்னைக்கு வீட்டுக்குப் போவும்போது இசக்கிதான் தன் புருசனக் கொன்னவன்னு நெனச்சுக்கிட்டுப் போவாவ. சாவுத வரைக்கும் நெனப்பாவ.

பொய் அண்ணாச்சி. பச்சப் பொய். அவதான் ஊர்லயே இல்லியே. இல்லாதவ எப்படிப் பூசுவா? திருச்செந்தூர்ல இருந்து கைய நீட்டியா?

நான் அவ வீட்டுக்குப் போனேன். அவ அம்மா கதவத் தொறந்து விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாவ. இசக்கி கைய ஒரு துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. 'எதுக்குட்டி இப்படிச் சொன்ன? உன்ன யாரு சொல்லச் சொன்னா? சிதம்பரநாதனா?'ன்னு பிடிச்சு உலுக்குனேன். என் கட்டை வெரலையே பாத்துக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் பாத்தா. பொறவு, 'கோமு, நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நீ வாயத் தொறக்காத, உனக்குப் புண்ணியமாப் போவும்'னு கையெடுத்துக் கும்பிட்டா. எங்கிட்ட. எங்கிட்டக் கும்பிடுதா அண்ணாச்சி. அப்படின்னா அவள எம்புட்டு மெரட்டி வச்சிருக்கணும். பெரிய மனுசன், மில்லு ஓனரு, அவ என்ன செய்வா. ஈய அடிக்கக்கூட யோசிக்குதவ அவ. யாரையோ காப்பாத்தத்தான் பழியத் தலையில போட்டுக்கிட்டா. அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியாதா?

எதுக்கு அண்ணாச்சி அப்படிப் பாக்குதிய? தல வலியா? ஆரம்பத்துல கத்துனிய, இப்ப எதுக்குக் கொரலு எறங்குது?

'இசக்கி சொன்னதோட விட்டுரு, எல்லாருக்கும் அதான் நல்லது'ன்னா, யாரு அந்த எல்லாரும்? எனக்கும் நல்லதா? எனக்கு எதுக்கு நல்லது வேணும்? நான் கேட்டேனா? நல்லது வேண்டியவியளுக்கு நீங்க போயிச் சொல்லுங்க. என்னப் பிள்ள, பிள்ளன்னு கூப்பிட்டுக் கண்ணத் தொடச்சா நான் எறங்கிப் போயிருவேன்னு நெனச்சியளா? உங்க வீட்டுப் பிள்ளைய நெனச்சுக்கிட்டீரா? உம்ம பிள்ளையா இருந்தா இப்படி வாசல்ல மறிப்பீரா?

செயலாளர் வந்தாச்சு. மைக்கு போட்டாச்சு. அஞ்சலி முடிஞ்சு உக்காந்துட்டாவ. கைய விடும்வே.

ஒரு நிமிசம். மைக்க அணைக்காதிய சார். நான் கோமதி, மாணவர் மெம்பர். அந்தப் பிடியில கட்டம் போட்டவ. தளவாய் சார் வீட்டம்மா, நீங்க உக்காருங்கம்மா, இது உங்களுக்காகத்தான். சிதம்பரநாதன் சார், நீங்க எந்திரிங்க. ரிப்போர்ட்டு வாசிக்கிறது இருக்கட்டும். ஆயுத பூஜை அன்னைக்கு இசக்கி இந்த ஊர்ல இல்ல. பஸ்ஸு டிக்கெட் அவகிட்ட இல்லாமப் போனாலும் கோயிலுக்குப் போன சனம் சாட்சி சொல்லும். அவ பூசல. அவ பூசியிருக்கவே முடியாது. அப்ப அந்தச் சந்தனத்த அந்தக் கட்டத்துக்குள்ள அமுக்கி அமுக்கிப் பூசுன கை யாரு கை? அந்த மேசையச் சுத்தி நின்ன எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும், வாசல்ல நிக்காவளே வக்கீலண்ணாச்சி, அவியளுக்கும் தெரியும். தரையப் பாக்காதிய சார். என்னயப் பாத்து, இந்த மைக்குல, எல்லாருக்கும் கேக்குத மாதிரிச் சொல்லுங்க. பூசுனது யாரு?